மேடைத் தமிழ் வளர்த்த திரு.வி.க.



இறைவன் மனிதனுக்கு ஈந்த கொடைகளுள் பேச்சு தலையாயது. பறவை கூவுகிறது, பசு கதறுகிறது, மனிதன் ஒருவனே தன் உள்ளத்தில் உள்ளதைச் சொல்லாக்கி மற்றொருவர் உள்ளத்தில் இறக்கி வைக்கிறான். ஆயினும் இந்தக் கொடையை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? தேர்வுத் தாளில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் மாணவி, இலக்கிய மன்ற மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் நடுங்குகிறாள். நா உலர்கிறது, மனப்பாடம் செய்தது மறந்துபோகிறது, கண்கள் கூரையை நோக்குகின்றன. பேச்சு என்பது பிறவியிலேயே வரவேண்டிய வரம் என்றும், தனக்கு அது வாய்க்கவில்லை என்றும் அவள் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள்.

இது உண்மையா? வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து வைத்தார். பிறவியிலேயே வருவதாயின் அதற்கு மூன்று அதிகாரம் எதற்கு? கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் திக்குவாயை வெல்ல வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினான் என்று கதை சொல்வார்கள். பொன்வாய் என்று திருச்சபை போற்றும் புனித அருளப்பர் கிறிசோஸ்தோம், மறையுரை ஆற்றுவதற்கு முன் நாவன்மைக் கலையை ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவர். அவ்வளவு தொலைவு நாம் போகவேண்டியதில்லை. நம் செங்கற்பட்டு மண்ணிலேயே பிறந்து, நோயோடும் வறுமையோடும் போராடி, தமிழ் மேடைக்கே புது முகம் தந்த ஒருவர் உண்டு. அவர்தாம் தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனார்.

பிறப்பும் இளமையும்

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் தோன்றினார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மாள். முன்னோர் திருவாரூரைச் சேர்ந்தவர்கள். திருவாரூர் விருத்தாசலனார் மகன் கலியாணசுந்தரம் என்பதே திரு.வி.க. என்று சுருங்கியது. முதலெழுத்துகளைத் தந்தையாரே கற்பித்தார். பின்னர் குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் தங்கிற்று. அங்கே தொடக்கக் கல்வி முடித்து, 1894இல் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார்.

சேர்ந்த ஆண்டிலேயே பேரிடர் ஒன்று வந்தது. நோயுற்றுக் கைகால்கள் முடங்கின. ஓடியாடித் திரியவேண்டிய வயதில் சிறுவன் படுக்கையில் கிடந்தான். சித்த மருத்துவத்தில் தேர்ந்தவரான அயோத்திதாசப் பண்டிதரின் சிகிச்சையால் மெல்ல மெல்ல எழுந்து நடந்தான். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1898இல்தான் மீண்டும் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. உடன் படித்தவர்கள் மேல் வகுப்புகளில் இருக்க, தம்மினும் இளையவர்களோடு அமர்ந்து படிப்பது எளிதன்று. ஆயினும் அவர் பள்ளியை வெறுக்கவில்லை. அங்கேதான் தம் வாழ்வை மாற்றிய ஆசானை அவர் கண்டார்.

ஆசானும் மாணவரும்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை அப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். தமிழ் அகராதி தொகுத்தவர். சைவ நூல்களில் ஆழ்ந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடைகளில் முழங்கியவர்.

மாணவியரே, இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ளுங்கள். பழங்காலத்தில் தமிழ்ப் புலவர் அவையில் பாட்டைப் படித்துப் பொருள் விரிப்பார். பாகவதர் பாடிக் கதை சொல்வார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, உரைநடையில், எல்லா மக்களுக்கும் விளங்கும்படி ஒரு மணி நேரம் பேசுகின்ற வழக்கம் அருகியே இருந்தது. அதைத் தமிழருக்குப் பழக்கியவை பெரும்பாலும் கிறிஸ்தவ மறையுரைகள். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பயின்று, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், அம்முறையைக் கற்றுத் தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் சொற்பொழிவை ஆற்றினார். அந்த மரபில் வந்தவரே கதிரைவேற்பிள்ளை. ஒரு சமயத்தார் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றொரு சமயத்தார் தம் விளக்கை ஏற்றிக்கொண்டனர். ஒளி எல்லார்க்கும் பொதுவாயிற்று.

ஆசிரியரின் நிழல்போல் திரு.வி.க. உடன் சென்றார். எந்த இடத்தில் குரல் உயர்கிறது, எந்த இடத்தில் தாழ்கிறது, மறுப்பு எப்படி எழுகிறது, விடை எப்படி வருகிறது என்று கூர்ந்து கவனித்தார். பேசுவதற்கு முன் அவர் பல ஆண்டுகள் கேட்டார் என்பதை மறவாதீர்கள். நல்ல செவியே நல்ல நாவுக்குத் தாய்.

1904ஆம் ஆண்டு அவருக்குச் சோதனை ஆண்டு. ஆறாம் படிவத் தேர்வு நெருங்கியிருந்த நேரம். வள்ளலார் பாடல்களைப் பற்றிய அருட்பா மருட்பா வாதத்தில் கதிரைவேற்பிள்ளை மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல மாணவர் நீதிமன்றம் சென்றார். தேர்வு போயிற்று, பள்ளிப் படிப்பும் அத்துடன் முடிந்தது. தேர்வைத் துறந்தது சரியா தவறா என்று இன்று நாம் வாதாடலாம். ஆனால் ஒன்று தெளிவு. பட்டம் இல்லாத ஒருவர், பட்டம் பெற்றவர்கள் நிறைந்த மேடைகளில் பிற்காலத்தில் தலைமை தாங்கினார். பள்ளிக் கதவு அடைபட்ட பின்னும் அவர் படிப்பை நிறுத்தவில்லை என்பதே அதற்குக் காரணம். 1907இல் கதிரைவேற்பிள்ளை மறைந்தார். அதன்பின் மயிலை தணிகாசல முதலியாரிடம் சென்று தமிழும் சாத்திரமும் பயின்றார் திரு.வி.க.

வகுப்பறை என்னும் பயிற்சிக்களம்

வயிற்றுப்பாட்டுக்காகச் சிறிது காலம் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கர் வேலை பார்த்தார். அவர் மனம் எண்களில் நிற்கவில்லை. திலகரின் விடுதலைக் கிளர்ச்சி நாடெங்கும் பரவிய காலம் அது. வேலையை விட்டு, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பொறுப்பும் கிடைத்தது.

ஆசிரியப் பணியைப்போல் பேச்சுக்கு நல்ல பயிற்சி வேறில்லை. நாற்பது பிள்ளைகளின் கண்கள் ஒருவரை நோக்கியிருக்கின்றன. ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் உரை நீண்டுவிட்டது என்று பொருள். கடைசி வரிசைப் பிள்ளை புருவத்தை நெரித்தால் சொல் விளங்கவில்லை என்று பொருள். கடினமானதை எளிதாக்கவும், எளிதானதைச் சுவையாக்கவும் வகுப்பறை கற்பிக்கும். அறியாத சிறுவருக்குப் புரியவைத்த அந்தப் பழக்கமே பின்னாளில் எழுத்தறியாத தொழிலாளருக்குப் புரியவைக்கவும் அவருக்கு உதவியது.

1912இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். இனிய இல்லறம் அது, ஆனால் நீடிக்கவில்லை. ஆறே ஆண்டுகளில், 1918இல், அம்மையார் மறைந்தார். பெற்ற இரு மக்களும் இறந்துபோயினர். முப்பத்தைந்து வயதில் தனிமரமாக நின்றவர், மறுமணம் செய்துகொள்ளவில்லை. தம் வீட்டில் அணைந்த விளக்கை நாட்டில் ஏற்றிவைக்கத் தொண்டுக்குத் தம்மை ஒப்படைத்தார்.

ஆங்கில மேடையில் தமிழ்க்குரல்

அக்காலத்து அரசியல் மேடை எப்படி இருந்தது தெரியுமா? தலைவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். கேட்பவர்களும் பெரும்பாலும் வக்கீல்கள், கல்லூரிக் கனவான்கள். தமிழில் அரசியல் பேச முடியுமா என்றே பலர் ஐயுற்றனர். சுதேசி இயக்க நாட்களில் ஜி. சுப்பிரமணிய ஐயர், வ.உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா முதலியோர் அந்தத் தடையை உடைத்துத் தமிழில் முழங்கினர். 1908இல் சிதம்பரனாரும் சிவாவும் சிறை சென்றபின் அந்தக் குரல் தாழ்ந்திருந்தது. அதை மீண்டும் உயர்த்தியவர்களுள் முன்நின்றவர் திரு.வி.க.

1917 டிசம்பரில் ஆசிரியப் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். 1920இல் ‘நவசக்தி’ வார இதழைத் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற கல்கி அந்த ‘நவசக்தி’யில் துணையாசிரியராக இருந்து எழுத்துப் பழகியவர். பத்திரிகையில் எழுதியதையே மேடையில் பேசினார். மேடையில் பேசியதுபோலவே பத்திரிகையில் எழுதினார். சின்னச் சின்ன வாக்கியங்கள். தானே கேள்வி எழுப்பித் தானே விடை தரும் போக்கு. வேண்டாத பிறமொழிச் சொற்களை விலக்கிய இனிய தமிழ். அவர் மேசையைக் குத்திப் பேசவில்லை. ஆத்திரம் ஊட்டிப் பேசவில்லை. புயலாய் அடிக்காமல் தென்றலாய் வீசினார். அதனால்தான் தமிழ்த்தென்றல் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

தலைமையுரை என்றால் போகிறபோக்கில் பேசிவிட்டு வருவதன்று அவர் வழக்கம். பொருளைத் தேடி, வகுத்து, எழுதி, ஆயத்தமாகச் சென்றார். அப்படி அவர் பல மாநாடுகளில் ஆற்றிய தலைமையுரைகள் தொகுக்கப்பட்டு, ‘தமிழ்த்தென்றல்’ என்னும் பெயரிலேயே நூலாக வெளிவந்தன. சரளமாகப் பேசுகிறவருக்கு ஆயத்தம் வேண்டாம் என்று எண்ணுகிற மாணவி இதைக் கவனிக்கவேண்டும்.

தொழிலாளரின் நா

அவருடைய நாவன்மைக்கு உண்மையான சோதனை 1918இல் பெரம்பூரில் வந்தது. அங்கே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்தனர். நீண்ட வேலை நேரம், குறைந்த ஓய்வு, குறைந்த கூலி, மேலாளரின் கடுமை; இவற்றைப் பற்றி வாய் திறக்க அவர்களுக்கு வழியில்லை. பேசினால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு எரியாது.

செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோர் பெரம்பூரில் ஒரு பக்தி சபையை நடத்திவந்தனர். அதன் சொற்பொழிவுகளைக் கேட்கத் தொழிலாளர் வருவதுண்டு. அந்தச் சபையின் ஆதரவில் 1918 மார்ச்சில் நடந்த கூட்டத்துக்குத் திரு.வி.க. சென்றார். தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கவேண்டியதன் தேவையை அவர் எடுத்துரைத்தார். ஒலிபெருக்கி பரவாத காலம். குரலும் சொல்லும் மட்டுமே துணை. தங்கள் துன்பத்தைத் தங்கள் மொழியில் ஒருவர் மேடையில் சொல்வதை அவர்கள் கேட்டார்கள்.

ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட தொழிற்சங்கங்களுள் முதலாவதாக அதைக் குறிப்பிடுவர். தலைவர் பி.பி. வாடியா, துணைத்தலைவர்களுள் ஒருவர் திரு.வி.க. வாடியா பம்பாய்ப் பகுதியிலிருந்து வந்த பார்சி, ஆங்கிலத்தில் பேசுபவர். தொழிலாளருக்கோ தமிழ் வேண்டும். அந்த இடைவெளியைத் தமிழில் நிரப்பியவர்களுள் முதன்மையானவர் திரு.வி.க.

1921இல் அதே ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. மாதக்கணக்கில் நீண்டது. சாதிப் பிளவு தலைதூக்கிற்று. புளியந்தோப்புப் பகுதியில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்த நேரும் என்று எச்சரித்தார். ஒருபுறம் அரசின் மிரட்டல். மறுபுறம் பசியால் வெகுண்ட மக்கள். அந்த நேரத்தில் ஒரு கடுஞ்சொல் போதும், ஊர் பற்றி எரிய. ஆத்திரமூட்டும் பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும் என்பதையும் அவர் அறிவார். ஆயினும் அவர் அச்சத்தால் வாய்மூடவும் இல்லை. கைதட்டலுக்காகத் தீ மூட்டவும் இல்லை. ஒற்றுமையையும் அமைதியையுமே வற்புறுத்தினார். அந்த வேலைநிறுத்தம் வெற்றி பெறவில்லை. நல்ல பேச்சு எப்போதும் வெல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். தோற்றபோதும் மக்கள் அவரை விட்டு நீங்கவில்லை என்பதே அவர் பேச்சுக்குக் கிடைத்த சான்று.

கருத்து வேற்றுமையும் நட்பும்

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரசு மாநாடு கூடிற்று. காஞ்சியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. தலைவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைத் தந்தை பெரியார் கொண்டுவர முயன்றார். அதற்கு இடம் கிடைக்காமற்போகவே மாநாட்டிலிருந்து வெளியேறினார். தமிழக வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்த நிகழ்ச்சி அது. அதன் சரி தவறுகளை வரலாற்று வகுப்பில் ஆராயுங்கள். நாம் இங்கே காணவேண்டியது வேறொன்று. மேடையில் எதிரெதிரே நின்ற அந்த இருவரும் ஒருவரையொருவர் மதிப்பதை விடவில்லை. அவர்களுடைய நட்பு பின்னும் தொடர்ந்தது. பேச்சுப் போட்டியில் எதிரணியில் நின்ற தோழியோடு ஒரு வாரம் பேசாமல் இருக்கும் மாணவியர் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

பெண்ணுக்காகப் பேசியவர்

பெண்கள் பள்ளி மாணவியராகிய நீங்கள் அவருக்குத் தனிக்கடன் பட்டிருக்கிறீர்கள். பெண் கல்வி, கைம்பெண் மறுமணம், பெண்ணின் உரிமை ஆகியவற்றுக்காக அவர் எழுதினார், பேசினார். 1927இல் வெளிவந்த ‘பெண்ணின் பெருமை’ என்னும் அவருடைய நூல் அந்நாளில் வீடுதோறும் பேசப்பட்டது. அதே 1927இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்ணுக்காக ஆண் பேசிய காலம் போய், பெண்ணே பெண்ணுக்காகப் பேசும் காலம் பிறந்தது. திரு.வி.க. போன்றோர் விரும்பியதும் அதுவே.

சமயத்திலும் அவர் பரந்த உள்ளம் படைத்தவர். சைவத்தில் ஊறியவர் ஆயினும் எல்லாச் சமய மேடைகளிலும் பேசினார். நம் ஆண்டவர் இயேசுவின் மீது அன்பு கொண்டு ‘கிறிஸ்துவின் அருள் வேட்டல்’ என்னும் பாடல் நூலை இயற்றினார்.

இறுதி நாட்கள்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலும் தொழிலாளர் பக்கமே நின்றார். அதனால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். முதுமையில் கண்ணொளி குன்றிற்று. எழுதிய கை ஓய்ந்தது. படித்த கண் மங்கிற்று. எஞ்சியது நா ஒன்றே. படுக்கையில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். அப்படிப் பிறந்த நூல்களுக்கு ‘முதுமை உளறல்’, ‘படுக்கைப் பிதற்றல்’ என்று அவரே அடக்கத்தோடு பெயரிட்டார். சிறுவயதில் படுக்கையில் கிடந்து பள்ளியை இழந்தவர், முதுமையில் அதே படுக்கையைப் பள்ளியாக்கினார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவர் நா ஓய்ந்தது.

நாம் கற்கவேண்டியவை

மாணவியரே, அன்னாரின் வாழ்விலிருந்து நல்ல பேச்சாளராக விரும்பும் ஒருத்தி என்னென்ன கற்கலாம்?

முதலாவது, கேட்கப் பழகு. நன்றாகப் பேசும் ஒருவரைத் தேர்ந்து, அவர் எப்படித் தொடங்குகிறார், எப்படி முடிக்கிறார் என்று கவனி.

இரண்டாவது, ஆயத்தம் செய். பொருளை மூன்று கூறாக வகுத்துக்கொள். வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறியதும் எல்லாம் தவறும். கருத்தை மனத்தில் நிறுத்தினால் சொல் தானே வரும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் பேசிப் பார். பிறகு தங்கைக்குச் சொல்லிப் பார். அவளுக்கு விளங்கினால் அவைக்கும் விளங்கும்.

மூன்றாவது, உன் தமிழில் பேசு. அருஞ்சொற்களை அடுக்கி வியக்கவைப்பதைவிட, கடைசி வரிசையில் இருப்பவருக்குப் புரியவைப்பது பெரிது.

நான்காவது, நாவை அடக்கப் பழகு. கைதட்டலுக்காகப் பிறர் மனத்தைப் புண்படுத்தாதே.

ஐந்தாவது, யாருக்காகப் பேசுகிறோம் என்பதை அறி. தனக்காகப் பேசுகையில் வரும் நடுக்கம், பிறருக்காகப் பேசுகையில் குறைகிறது. பெரம்பூர்த் தொழிலாளரின் துன்பம் திரு.வி.க.வின் நெஞ்சில் இருந்தது. அதனால் அவர் நா தயங்கவில்லை.

நெம்மேலியிலும் சுற்றியுள்ள கடலோரக் குப்பங்களிலும் சொல்லப்படவேண்டியவை பல உண்டு. கடல் அரிக்கும் கரை, கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்க அஞ்சும் சிறுவர், மீன்கூடை சுமக்கும் தாய்மாரின் பாடு. இவையெல்லாம் யாரேனும் எழுந்து சொல்லக் காத்திருக்கின்றன. சொல்வதற்கு இடமும் உண்டு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தமிழக உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்கள் இன்று பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. நாற்காலி ஒதுக்கச் சட்டத்தால் முடியும். அதில் அமர்ந்தவளின் வாயைத் திறக்கச் சட்டத்தால் முடியாது. அது இலக்கிய மன்ற மேடையில் இன்று நீ பழகும் ஐந்து நிமிடத்தால் முடியும்.

ஆகவே, அடுத்த முறை உன் பெயர் அழைக்கப்படும்போது தோழியின் பின்னால் ஒளியாதே. எழு. மேடை ஏறு. ஒரு முறை மூச்சை இழுத்துவிடு. எதிரே இருப்பவர்களைப் பார். நெஞ்சில் உள்ளதை உண்மையாய்ச் சொல். குரல் நடுங்கினாலும் கவலையில்லை. நடுங்கிய குரல்கள்தாம் நாளடைவில் நாட்டுக்கு வேண்டிய குரல்களாக வளர்ந்திருக்கின்றன.

வாழ்க திரு.வி.க.வின் புகழ்! வளர்க நம் மாணவியரின் நாவன்மை!